பக்கம் கிடைக்கவில்லை

பாத்ரி சாவி வெட்டுகிறவர்.
திபிலிசியில், சுகுரெத்திப் பக்கம்,
சாலைக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதையில்
இடமிருந்து மூன்றாவது கூண்டு அவருடையது.
நூறு லாரி தருகிறேன்,
கூட உன் வீட்டுக்கு ஒரு புதுப் பூட்டு என்றார்.
ஒப்புக்கொண்டேன்.
பூட்டு தேவையாயிருந்தது.

சின்னக் கூலிக்கு இலவசச் சரக்கு.
யாரோ ஒரு பல் மருத்துவருக்காகச் செய்த வார்ப்புருவை
ராத்திரி இறக்கினேன்.
பல்லை எடுத்துவிட்டுச் சாவியை வைத்தேன்.
இலவசப் படக் கிடங்கில் சாவி என்று தேடினால்
கோட்டு போட்ட ஒருவன்
விற்றுவிட்ட வீட்டின் சாவியை நீட்டிச் சிரிக்கிறான்,
அந்தப் பல் மருத்துவரிடமே
பல் கட்டிக்கொண்டவன் போல.

எழுத்துரு இன்னும் மோசம்.
எங்கள் எழுத்தைத் தட்டியதும்
கட்டம் கட்டம் கட்டமாக நின்றது,
ஆள் குடிவராத அடுக்குமாடி மாதிரி.
தலைப்பைப் பெரிய எழுத்தில் வை என்கிறது வார்ப்புரு.
எங்களுக்குப் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது?
ராஜா பெயரும் ரொட்டி விலையும்
ஒரே உயரம்.

எப்படியோ முடித்து ஏற்றிவிட்டேன்.
மூலையில் கிடந்த ஒரு வரியை மட்டும் பார்க்கவில்லை:
இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும்.

மூன்றாம் நாள் பாத்ரி வந்தார்.
எங்கள் லிஃப்டில் காசு போட்டால்தான் ஏறும்.
சில்லறை இல்லாமல் ஏழு மாடி நடந்து வந்து
கதவருகே நின்று மூச்சு வாங்கினார்.
திட்டப்போகிறார் என்று தண்ணீர் கொடுத்தேன்.

"நேற்று ராத்திரி மூன்று மணிக்கு ஒரு அழைப்பு.
நதேலா என்று ஒருத்தி.
குப்பை கொட்ட இறங்கியிருக்கிறாள்,
காற்று கதவைச் சாத்திவிட்டது.
வீட்டுச் செருப்பு, கையில் காலி வாளி.
அடுப்பில் பால் இருக்கிறது என்று அழுகிறாள்."

போனீர்களா?

"பிறகு? பால் இருக்கிறதே!"

திறந்து கொடுத்தாராம்.
பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துக் கிடந்ததாம்.
அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து
இருவரும் விடியும்வரை
நகராட்சியைத் திட்டினார்களாம்.

அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்றேன்.
யோசித்தார்.
யோசித்துக்கொண்டே என் கதவின் பூட்டைத் தடவிப் பார்த்து
முகம் சுளித்தார்.
"எடுத்துவிடு. ஆனால் எண் இருக்கட்டும்.
அப்புறம் அந்தக் கோட்டுக்காரன் யார்?
என் கடைக்கு எப்போது வந்தான்?"

மறுநாள் மழையோடு சுரங்கப்பாதைக்குப் போனேன்.
வெளிச்சம் போதாது. படமெல்லாம் ஆடியது.
அவருடைய விரல்கள், பித்தளைத் தூள் ஒட்டியவை,
அதில் ஒன்று தெளிவாக விழுந்தது. அது போதும்.
சுவர் ஓட்டின் பச்சையை அந்தப் படத்திலிருந்தே உறிஞ்சி எடுத்தேன்.
எந்த வண்ண அட்டவணையிலும் அது கிடையாது.
நாற்பது வருட ஈரமும்
பக்கத்துக் கூண்டின் சூரியகாந்தி விதை வறுத்த புகையும்
சேர்ந்து கலக்கிய பச்சை.

எழுத்துக்குக் கடைசியில்
அவர் அட்டையில் மார்க்கரால் எழுதி
கண்ணாடியில் ஒட்டியிருந்ததையே படம் பிடித்தேன்.
'சாவி' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
சாய்ந்தே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி இருந்தது.
தவறான முகவரிக்கு வந்துவிடுகிறவர்கள் பார்க்கும் பக்கம்.
வார்ப்புருவில் அங்கே ஒரு சோக ரோபோ.
அதை அழித்துவிட்டு எழுதினேன்:

நீங்கள் தேடியது இங்கே இல்லை.
படியில் இறங்குங்கள், மழையென்றால் வழுக்கும்.
விதை விற்கும் லாமாராவிடம் கேளுங்கள்.
பாத்ரி சாப்பிடப் போயிருந்தால்
எந்தக் கடை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மாதம் எல்லாப் பக்கங்களையும்விட
அதிகம் பேர் பார்த்தது
அந்தப் பக்கத்தைத்தான்.
எங்கோ ஒரு இணைப்பு உடைந்திருக்கிறது.
தேடிச் சரிசெய்ய வேண்டும்.

லாமாரா விதை விலையை ஏற்றிவிட்டாள்.
என் வீட்டுப் புதுப் பூட்டு
இன்னும் வரவில்லை.